சிங்கையின் மீன்வால் சிங்கம்

சின்னங்களின் மதிப்பு அவற்றின் பழைமையிலே இருக்கிறதென்று நம்மவருள் பெரும்பாலோர் கருதி வருகின்றனர். கொடியாயினும் முத்திரையாயினும், அது எப்போது தோன்றிற்று என்பது எவர்க்கும் தெரியாதிருத்தலே அதன் பெருமை என்பது அவர்தம் கொள்கை. உண்டாக்கியவன் பெயர் மறைந்து, உண்டான நாளும் மறந்து, உண்டாக்கியதன் நோக்கமும் மங்கிய பின்னர், அப்பொருளைச் சுற்றிப் புனிதம் என்னும் புகை படர்கின்றது. அதற்கப்பால் ‘இஃது ஏன்?’ என்று வினவுகின்றவன் துரோகியாகின்றான். ஆனால் மனிதன் செய்யாத சின்னம் உலகில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளில், ஒருவரது தேவைக்காக, ஒருவரது கையாலே வரையப்பட்டதுதான். பெரும்பாலானவற்றின் பிறப்பை நாம் காணவில்லை, அவ்வளவே வேறுபாடு.

பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் ஐயமின்றித் தெரிந்த சின்னம் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. சிங்கத்தின் தலையும் மீனின் உடலும் கொண்டு, அலைமேல் நின்று நீரை உமிழும் ‘மெர்லயன்’ என்பதே அது. மீன்மங்கையைக் குறிக்கும் ‘மெர்மெய்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியோடு, சிங்கத்தைக் குறிக்கும் ‘லயன்’ என்பதை ஒட்டிச் செய்த பெயர் இது. அந்நகருக்கு வருவோர் அதனெதிரே நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் திரும்புவது அரிது. அதனை அந்நாட்டின் தொன்மையான குலக்குறி என்றே பலர் எண்ணிச் செல்கின்றனர். உண்மையில் அஃது ஓர் அரசாங்க வாரியத்தின் முத்திரையாகப் பிறந்தது. அதன் சரித்திரத்தை ஆராய்வது, ஒரு சின்னம் எங்ஙனம் பிறந்து, எங்ஙனம் மக்களால் ஏற்கப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே காண்பதாகும்.

பழந்தமிழ் முத்திரை ஒன்றை முதலில் ஒப்புக்கு எடுத்துக்கொள்வோம். இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் சோழரது புலி அமர்ந்திருக்கிறது. அதன் அருகே இரண்டு மீன்கள்; கீழே ஒரு வில். மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது என்பது நம் சிறுவரும் அறிந்ததே. அவ்விரண்டும் சோழன் முத்திரைக்குள் வந்தது நட்பினாலன்று. வென்றவன் தோற்றவரது அடையாளங்களைத் தன் குடைநிழலில் கொணர்ந்து வைத்துக்கொண்டான். விலங்கும் மீனும் ஒரே முத்திரையில் கூடியதற்குப் பொருள் அங்கே வெற்றியும் அடக்கமுமாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு சிங்கையின் சிங்கத்தைக் காண்போம்.

1964 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சிங்கப்பூர்ச் சுற்றுலா மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டது. வெளிநாட்டாரை வரவழைத்துப் பணம் செலவிடச் செய்வது அதன் தொழில். அத்தொழிலுக்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. அதனை வரைந்தளித்தவர் அலெக் ஃபிரேசர் புருனர் என்ற ஆங்கிலேயர். வாரியத்தின் நினைவுப்பொருட் குழுவில் ஓர் உறுப்பினர். வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளராகவும் இருந்த அவர், மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் தேர்ந்த விலங்கியலாளர். சிங்கத்துக்கு மீன்வால் முளைத்தது மீனறிஞர் ஒருவரது கையாலே என்பது கவனிக்கத்தக்கது. 1966 இல் அது வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. சாவிக் கொத்திலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சிடுவதற்கென்றே பிறந்த குறி அது. தவம் செய்து பெற்றதன்று, கனவில் தோன்றியதுமன்று.

அதற்குக் கூறப்பட்ட பொருளும் தெளிவானது. சிங்கத் தலை ‘சிங்கபுரம்’ என்ற பெயரைக் குறிக்கும். மீனுடல் அத்தீவின் பழம்பெயராகிய ‘தெமாசெக்’ என்பதையும், மீனவர் வாழ்ந்த எளிய கடலோரத்தையும் குறிக்கும். 1365 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜாவானிய நூலாகிய ‘நாகரகிருதாகமம்’ இத்தீவைத் ‘துமாசிக்’ என்று குறிப்பிடுகின்றது. கடல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். ஆகவே மீனுடல் சரித்திரத்தின் பக்கம் நிற்கிறது. சிங்கத் தலையோ கதையின் பக்கம் நிற்கிறது.

அக்கதையைக் கூறுவது ‘செஜாரா மலாயு’ என்னும் மலாய் மரபு நூல். அதன் மிகப் பழைய வடிவம் 1612 ஆம் ஆண்டைக் குறிப்பது. பலெம்பாங்கிலிருந்து வந்த சாங் நீல உத்தமன் என்னும் இளவரசன் இத்தீவில் இறங்கியபோது விரைந்தோடும் விலங்கொன்றைக் கண்டான். அதன் உடல் சிவப்பு, தலை கருப்பு, மார்பு வெள்ளை, ஆட்டுக்கடாவினும் சற்றுப் பெரிது. இஃதென்ன விலங்கு என்று அவன் வினவ, உடனிருந்தோர் விழித்தனர். அவருள் ஒருவர் மட்டும், பழங்காலத்துச் சிங்கம் இவ்வடிவினது எனத் தாம் கேள்வியுற்றதுண்டு என்றார். அச்சொல்லின்மேல் ஒரு நகரத்தின் பெயர் எழுந்தது. கண்டவன் அறியான், அறிந்ததாகச் சொன்னவரோ கண்டவரல்லர். மலாய்க் காடுகளில் இயல்பாகச் சிங்கம் வாழ்ந்ததாகச் சான்றில்லை. புலி இருந்தது, 19 ஆம் நூற்றாண்டில் காம்பியர்த் தோட்டக் கூலிகளை அது கொன்று தின்றமைக்குச் சான்றுகள் உண்டு. ஆயினும் நகருக்குப் பெயராகும் பேறு, இருந்த புலிக்கன்று, இல்லாத சிங்கத்துக்கே கிட்டிற்று!

இந்த இடத்தில் நம்மவர் சிலர் மார்தட்ட முன்வருவர். ‘சிங்கம் என்பது நமது சொல், அந்த இளவரசனும் சோழர் வழியினன், ஆகவே சிங்கப்பூர் நம்முடையது’ என்பர். இதற்கு அடிப்படை முழுவதும் இல்லையென்று சொல்லிவிடுவதற்கில்லை. அம்மலாய் நூலே ‘கெலிங்’ நாட்டு மன்னன் ஒருவனது கதையைச் சொல்கிறது. சுவடிகளுக்குள் ராஜா சூலன் என்றும் ராஜா சூரன் என்றும் அவன் பெயர் மாறி வரும். அவன் சீனத்தை வெல்லப் படையுடன் புறப்பட்டுத் தெமாசெக் வரை வந்தான். சீனரோ தந்திரமாகத் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல்விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி எதிரே அனுப்பினர். ‘நாங்கள் புறப்படும்போது சிறுவர்களாக இருந்தோம், இவ்வூசிகள் அப்போது கைப்பருமனான இரும்புத் தடிகள், இம்மரங்கள் அப்போது விதைகள்’ என்று அக்கிழவர் சொல்லக் கேட்ட மன்னன், சீனம் அவ்வளவு தொலைவோ என்று மலைத்துத் திரும்பினானாம். பின்னர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்கி, கடலடி நாட்டு இளவரசியை மணந்தானாம். அவ்வழியில் வந்தவனே சிங்கத்தைக் கண்ட இளவரசன் என்பது அந்நூலின் கூற்று.

1025 ஆம் ஆண்டளவில் இராசேந்திரனது கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது சரித்திரம். தஞ்சைக் கல்வெட்டு அதற்குச் சான்று. அத்தாக்குதலின் நினைவே பல நூற்றாண்டுகள் கழிந்து கண்ணாடிப் பெட்டிக் கதையாக மாறியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஆனால் இதிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் யாது? படையெடுத்து வந்த வேற்று மன்னனையும் மலாய் மக்கள் தம் அரசகுலத்தின் மூதாதையாக ஆக்கிக்கொண்டனர் என்பதே. அவர்தம் கற்பனையின் பெருந்தன்மையை நம் வாளின் பெருமையாகத் திரித்துக்கொள்ளுதல் நேர்மையாகாது. ‘சிங்கம்’ என்னும் சொல்லும் நமக்கே உரியதன்று. ‘சிம்ஹ’ என்னும் வடசொல்லின் வழியே அது தமிழுக்கும் வந்தது, மலாய்க்கும் சென்றது. சம்பா நாட்டிலும் ஒரு சிங்கபுரம் இருந்தது. கலிங்கத்திலும் ஒன்று இருந்தது. அரசாண்டவர்கள் தம் ஆசனத்துக்கும் ஊருக்கும் சிங்கத்தின் பெயரை இட்டுக்கொள்வது அக்காலத்து வழக்கமென்பதே இதன் கருத்து.

அங்ஙனமாயின், இச்சிங்கம் யாருடையது? இவ்வினாவே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. சிங்கப்பூரில் நால்வகை மரபினர் சேர்ந்து வாழ்கின்றனர். மலாய்க்காரருக்குச் சிங்கம் கதையில் வந்தது. சீனருக்கு அது நடனத்தில் வந்தது. தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹோக் கெங் கோயிலின் வாயிலிலே கல்லாய் அமர்ந்திருக்கிறது. ஆயினும் சீனக் காடுகள் சிங்கத்தின் தாயகமல்ல. தமிழருக்கு அது அம்மனின் ஊர்தியாக வந்தது. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் நரசிங்கமாகவும் நிற்கிறது. மீனாய்ப் பிறந்த அவதாரமும் அங்கே உண்டு. நம் தூண்களிலோ சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கூடிய யாளி. தோரணங்களிலோ மீனும் முதலையும் கலந்த மகரம். ஆனால் தமிழகத்துக் காட்டிலும் இன்று சிங்கம் இல்லை. ஆண்ட ஆங்கிலேயரது அரச முத்திரையில் சிங்கம் நிமிர்ந்து நின்றது. இங்கிலாந்திலோ அது கூண்டில் மட்டுமே காணக்கூடியது.

ஆகவே நால்வருக்கும் சிங்கம் உண்டு. நால்வரது காட்டிலும் சிங்கம் இல்லை. எவரும் ‘எம் மண்ணின் விலங்கு’ என்று உரிமை கொண்டாட முடியாத ஒன்று எல்லார்க்கும் பொதுவாயிற்று. சோழன் முத்திரையில் மீன் புலிக்குப் பணிந்து நின்றது. சிங்கையின் குறியிலோ சிங்கமும் மீனும் ஒரே உடல். தலையை வெட்டினாலும் வாலை வெட்டினாலும் அது பிழைக்காது. வணிகத்தின்பொருட்டு வரையப்பட்ட குறிக்குள் இப்படியொரு பொருள் அமைந்துவிட்டது. வரைந்தவர் இதனை எண்ணி வரைந்தாரோ இல்லையோ, எண்ணிப் பார்ப்பவர்க்கு அது புலப்படாமற் போகாது.

நிற்க. தாளில் இருந்த குறி கல்லுருவம் பெற்ற வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த குவான் சாய் கியோங் உருவரை தந்தார். லிம் நாங் செங் என்னும் சிற்பி அதனைச் சிமெண்டுக் கலவையில் வடித்தார். உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன். 1972 செப்டம்பர் 15 அன்று, பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் அதனைத் திறந்துவைத்தார். 1997 இல் எஸ்பிளனேடு பாலம் எழுந்து கடற்காட்சியை மறைத்தது. எனவே 2002 இல் அச்சிலையைப் பெயர்த்து 120 மீட்டர் தொலைவு நகர்த்தி இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினார்கள். 2009 பிப்ரவரியில் இடி விழுந்து அதன் தலையின் ஒரு பகுதி சிதைந்தது. சாந்தி கழிக்கவில்லை, வேலையாட்கள் வந்து செப்பனிட்டார்கள். செந்தோசாத் தீவில் 37 மீட்டர் உயரத்தில் இன்னொரு மெர்லயன் 1990களில் கட்டப்பட்டது. வேறு கட்டுமானத்துக்கு இடம் வேண்டுமென்று 2019 இல் அதனை மூடி, பின்னர் இடித்தும் விட்டார்கள். தெய்வ குற்றம் என்னும் பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. மனிதன் செய்தது என்று அறிந்து வைத்திருக்கும் சின்னத்தினால் மனிதனுக்குத் தீங்கில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மெர்லயன் சட்டப்படி நாட்டின் சின்னமன்று என்பதையும் வாசகர் அறிதல் வேண்டும். நாட்டின் மரபுச்சின்னம் வேறு. அதன் கேடயத்தில் பிறையும் ஐந்து விண்மீன்களும் உள்ளன. அவ்வைந்தும் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்பவற்றைக் குறிக்கும். கேடயத்தை ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் தாங்குகின்றன. சிங்கம் சிங்கப்பூரையும் புலி மலாயாவோடு இருந்த தொடர்பையும் குறிப்பன. கொடியையும் மரபுச்சின்னத்தையும் நாட்டுப்பண்ணையும் 1959 நவம்பரில் சட்டமன்றத்தில் முன்வைத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று அவை மக்கள்முன் வந்தன. மரபுச்சின்னத்தை எல்லாரும் எடுத்தாளச் சட்டம் இடங்கொடாமையால், 1986 இல் சிங்கத்தலைக் குறியொன்று பொதுவழக்குக்கென வழங்கப்பட்டது. 2022 இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டமும் மெர்லயனை நாட்டுச் சின்னங்களின் வரிசையில் வைக்கவில்லை. அதனைப் பெற்ற வாரியமே 1997 இல் பெயர் மாறிச் சுற்றுலாக் கழகமானபோது தன் முத்திரையையும் மாற்றிக்கொண்டது; ஆயினும் சட்டத்தின் பாதுகாப்பை மட்டும் அதற்கு விட்டுவைத்தது.

அலுவலகம் கைவிட்ட குறியை மக்களும் மறந்தனரோ எனின், இல்லை. தமிழரான பள்ளியாசிரியர் ஒருவரின் மகனாகிய எட்வின் தம்பு, யுலிசீசையும் மெர்லயனையும் எதிரெதிர் நிறுத்தி ஓர் ஆங்கிலக் கவிதை எழுதினார். அது 1979 இல் வெளிவந்தது. அவருக்கு மறுமொழியாகவும், மறுப்பாகவும், நையாண்டியாகவும் பின்வந்த கவிஞர் பலர் பாடினர். மெர்லயனைப் பற்றிய கவிதைகளை மட்டுமே திரட்டி 2009 இல் ஒரு தொகுப்பும் வந்துவிட்டது. ‘வேரில்லாத விலங்கு, விற்பனைக்கு வந்த பொம்மை’ என்று இகழ்ந்தாரும் உண்டு. ‘நாம் எல்லாருமே கடல்வழி வந்து ஒட்டிக்கொண்டவர்கள்தாமே’ என்று தழுவினாரும் உண்டு. ஒரு சின்னத்தைக் கேலி செய்யவும் வழக்காடவும் மக்களுக்கு உரிமையிருக்கும் இடத்திலேதான் அஃது அவர்களுடையதாகிறது. கைகூப்பி நிற்க மட்டுமே உரிமையுள்ள இடத்தில் அஃது ஆள்பவனுடையது.

இனி, நம் தமிழர்க்கு மிக நெருங்கிய வேறொரு செய்தி உண்டு. சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள வட்டாரத்தை உலகம் ‘லிட்டில் இந்தியா’ என்று அழைக்கிறது. இப்பெயரும் பழைமையானதன்று. 1980களில் சுற்றுலாத் துறையின் வழியே நிலைபெற்றது. 1989 இல் அவ்வட்டாரம் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த தமிழர் வாயில் வழங்கிய பெயர் ‘தேக்கா’. அதுவும் தமிழ்ச்சொல் அன்று. ‘சிறு மூங்கிலின் அடி’ எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனச்சொல்லின் திரிபு. மலாய்க்காரரோ அவ்விடத்தை எருமைத் தொழுவம் என்று பொருள்படக் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றனர். மாட்டு வணிகமும் குதிரைப் பந்தயத் திடலும் இருந்த பூமி அது. 1982 இல் சந்தை புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அலுவலகத்தார் அதே சீனப்பெயரை மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று எழுதிவைத்தனர். தமிழருக்கு அது விளங்கவில்லை, மலாய்க்காரருக்கும் விளங்கவில்லை, சீன வணிகருக்கே அது வாயில் நுழையவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பலகை ஒன்று சொல்ல, மக்கள் வேறொன்று சொல்லி வந்தனர். முடிவில் 2000 ஆம் ஆண்டில் பலகைதான் பணிந்தது. ‘தேக்கா நிலையம்’ என்ற பெயர் மீண்டது.

இவ்விரு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெர்லயனும் ஜூஜியாவும் அலுவலக மேசையில் பிறந்தவைதாம். ஒன்றை மக்கள் தம்முடைய பேச்சுக்குள்ளும் வழக்குக்குள்ளும் எடுத்துக்கொண்டார்கள், மற்றொன்றைத் தள்ளினார்கள். முத்திரையிடும் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கலாம். அதற்கு உயிர் கொடுக்கும் அதிகாரம் மக்களுக்கே உண்டு. இது மறுக்கவொண்ணாத உண்மை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விலங்குக்கு முத்திரை குத்துவது வேறு. வாழும் மக்கட்கு முத்திரை குத்துவது வேறு. பூமாலையும் பட்டுச்சேலையும் தீபாவளி விளக்கும் காட்டி ‘இதுவே இந்தியர்’ என்று விளம்பரத்தாளில் அச்சிடுவது எளிது. அவ்விளம்பரத்தையே நாமும் கண்ணாடியாகக் கொண்டு, ‘ஆம், நாம் இவ்வளவே’ என்று மயங்கிவிடுவதுதான் தீங்கு. புனித அந்திரேயா தேவாலயத்தையும், இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையையும் 19 ஆம் நூற்றாண்டில் எழுப்பியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. ஞாயிறுதோறும் தேக்காவின் நடைபாதைகளில் கூடிப் பேசி, ஊருக்குப் பணம் அனுப்பித் திரும்பும் கட்டடத் தொழிலாளரின் உழைப்பால் இன்றும் அந்நகரின் மாடங்கள் உயர்கின்றன. இவர்கள் எவரும் சுற்றுலா முத்திரைக்குள் இடம்பெற்றவரல்லர். முத்திரைக்குள் அடங்காதது எதுவோ, அதிலேயே பெரும்பாலும் ஒரு சமூகத்தின் மெய்யான வரலாறு இருக்கிறது.

2013 இல் வெளிவந்த சிங்கப்பூரின் ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு புறத்தில் மெர்லயன். மறு புறத்தில் மரபுச்சின்னமும், அதனைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயரும். அந்நான்கினுள் ஒன்று ‘சிங்கப்பூர்’ என்னும் நம் எழுத்து. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதன் அடையாளம் அது. இதனைக் கண்டு நாம் மகிழ்வது இயல்பே. எனினும், மேலே கண்ட நியாயத்தை நமக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாமோ? நாணயத்தில் பொறித்துவிட்டதனாலேயே ஒரு மொழி வாழ்ந்துவிடாது. பலகையில் எழுதப்பட்ட ஜூஜியாவ் வாழவில்லை. எழுதாமலே தேக்கா வாழ்ந்தது. வீட்டில் பேசாத, பிள்ளைக்குச் சொல்லாத, கடையில் கேட்காத தமிழ், நாணயத்தின் விளிம்பில் எவ்வளவு காலம் இருந்தாலும் அது முத்திரை மட்டுமே, மொழியன்று.

தமிழ் மக்களே, சின்னங்களைப் பழையவை என்று வணங்கவும் வேண்டாம். புதியவை என்று இகழவும் வேண்டாம். செய்தவர் யார், யாருக்காகச் செய்தார், அதன்கீழ் வாழ்பவர்க்கு அதில் என்ன பங்கு என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். சோழன் புலியையும் அப்படியே கேளுங்கள். கோயில் யாளியையும் அப்படியே கேளுங்கள். கேள்விக்கு நின்று விடைசொல்லும் சின்னமே மக்களுக்கு உரியது. ஒருவர் காட்டிலும் பிறவாத அந்த மீன்வால் சிங்கம், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கேள்விகளுக்கு முகங்கொடுத்து நிற்கிறது.